வைடு லென்ஸ் வாங்கும் முன் ஒரு டேப் எடுங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் தறிக்கூடம் 11 அடி நீளம், 9 அடி அகலம். பாதி இடத்தை அப்பாவின் குழித்தறி பிடித்துக்கொள்ளும். மீதியில் ராட்டை, ஒரு பீரோ, தண்ணீர்க் குடம், மத்தியான வேளையில் பக்கத்து வீட்டுப் பூனை. கல்யாணப் போட்டோ தொழிலுக்கு வந்து 14 வருஷம் ஆகியும், அப்பா தறியில் உட்கார்ந்திருக்கிற முழுப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லாமல் இருந்தது. பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் எனக்கும் தறிக்கும் நடுவே 6 அடிதான். அந்த 6 அடியில் அப்பாவின் முதுகிலிருந்து பாவு (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) முடிகிற இடம் வரை, மொத்தம் 9 அடி, படத்தில் விழ வேண்டும்.

முதல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கின புதிதில், அதோடு வந்த 28-70 கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அதன் அகலமான முனையான 28-இல் வைத்தும் பாவின் முனை வெளியே போய்விட்டது. அதை உள்ளே கொண்டுவந்தால் அப்பாவின் முதுகு வெட்டுப்பட்டது. "கொஞ்சம் பின்னாடி போ கண்ணு" என்றார். பின்னாடி இருந்தது சுவர்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதிகிற சில்லு) அகலம் 36 மி.மீ, உயரம் 24 மி.மீ. நீங்கள் நிற்கிற தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ எண்ணால் (குவியத்தூரம்; எண் குறையக் குறையக் காட்சி அகலும், அதுதான் வைடு) வகுத்தால், படத்தில் எத்தனை அடி அகலம் விழும் என்று தெரிந்துவிடும். 6 அடி தூரத்தில் 50 மி.மீ லென்ஸுக்கு 4.3 அடி. 35-க்கு 6.2 அடி. 28-க்கு 7.7 அடி. 24-க்குச் சரியாக 9 அடி. 16-க்கு 13½ அடி. 28-க்கும் 24-க்கும் வெறும் 4 மி.மீதானே என்று தோன்றும். தறிக்கூடத்தில் அது ஒன்றே கால் அடி. 200 மி.மீ லென்ஸில் இந்த 4 மி.மீ கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. வைடு பக்கம் வர வர ஒவ்வொரு மி.மீட்டருக்கும் மவுசு ஏறுகிறது.

மனக்கணக்காக வைத்துக்கொள்ள வேண்டுமா? 36 என்றால் நிற்கிற தூரமே அகலம். 24 என்றால் ஒன்றரை மடங்கு. 18 என்றால் இரண்டு மடங்கு. 12 என்றால் மூன்று. கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் 36-க்குப் பதிலாக 24-ஐப் போட்டுக்கொள்ளுங்கள், 24 மி.மீ லென்ஸுக்கு அப்போது தூரமும் அகலமும் ஒன்று.

அதனால் "அக்கா, எந்த வைடு லென்ஸ் வாங்கட்டும்?" என்று கேட்கிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே நின்று எடுக்கப் போகிறாய்? தையல்காரர் டேப்போ கொத்தனார் டேப்போ எடுத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாக வேலை செய்கிற இரண்டு மூன்று இடங்களை அளந்து பாருங்கள். நான் அடிக்கடி போகிற ஒரு மண்டபத்தில் மேடை 24 அடி அகலம். முதல் வரிசை நாற்காலிக்கு முன்னால் நின்றால் 15 அடி. 24 மி.மீட்டரில் 22½ அடிதான் விழும், ஓரத்துக் குத்துவிளக்கு போய்விடும். 20 மி.மீட்டரில் 27 அடி. அங்கே எனக்கு 20 வேண்டும். வீட்டில் நலங்கு, வளைகாப்பு என்று சின்ன ஹாலில் வேலை செய்பவருக்கு வேறு எண் வரும். ஏற்காட்டில் வியூ பாயிண்ட் மட்டும் எடுப்பவருக்கு வைடே வேண்டாம் என்றுகூட வரலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கில் வருகிற எண்ணைவிடக் கொஞ்சம் வைடாகவே வாங்குங்கள். படத்தை நேராக்கும்போது ஓரம் வெட்டுப்படும். ஓரத்தில் இருப்பது இழுபடும். அந்த இரண்டுக்கும் இடம் விட வேண்டும்.

எதை வாங்குவது

கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய 16-50 கிட் லென்ஸ் இருக்கிறதே, 16 வைடுதானே என்று நினைப்பார்கள். கிராப் கேமராவில் அது ஃபுல் ஃபிரேமின் 24-75 மாதிரிதான் வேலை செய்துகொண்டிருந்தது. ஃபுல் ஃபிரேம் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) மாட்டினால் கேமரா தானே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் கேமரா 10 மெகாபிக்சல் ஆகிவிடும். வைடும் கிடைக்காது, காசு கொடுத்து வாங்கின சென்சாரும் பாதி வீண்.

35 மி.மீட்டரை நான் வைடு என்றே சொல்வதில்லை, அது தினச் சாப்பாடு. 24-இல் எடுத்தால் பார்ப்பவருக்கு வைடு என்று தெரியாது, இடம் மட்டும் தாராளமாகத் தெரியும். 20-இல் யோசித்து நிற்க வேண்டும். 16, 17-இல் தப்புச் செய்தால் ஊருக்கே தெரியும். 14-க்குக் கீழே போனால் உங்கள் முழங்காலும், மண்டபத்துச் சீலிங் ஃபேனும், லைட் பிடிக்கிற பையனின் செருப்பும் படத்துக்குள் வரும். ஒரு வாரம் 12-24 லென்ஸ் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கட்டட உள்ளமைப்பு எடுப்பவருக்கு அது தேவை. முதல் வைடு வாங்குகிறவர் 16-க்குக் கீழே போக வேண்டியதில்லை என்பது என் கட்சி.

அடுத்தது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பது: எஃப்/2.8-ஆ, எஃப்/4-ஆ (எண் குறைந்தால் திறப்பு பெரிது). வித்தியாசம் ஒரு ஸ்டாப், வெளிச்சம் இரண்டு மடங்கு. அதாவது 2.8 லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200-இல் எடுக்கிற படத்தை எஃப்/4 லென்ஸில் 6400-இல் எடுக்க வேண்டும். இன்றைய ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு அது பெரிய பாரம் இல்லை. ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் ஆள் அசைகிறார். பாடிக்குள் இருக்கிற ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை நிறுத்துமே தவிர மாப்பிள்ளையின் கை நடுக்கத்தை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், அதனால் கல்யாணத்துக்கு 2.8. ட்ரைபாடில் வைத்து மலையும் ஏரியும் எடுப்பவருக்கு எஃப்/4 தாராளம்; எப்படியும் எஃப்/8-க்கோ 11-க்கோதான் போகப் போகிறீர்கள். எடையையும் பாருங்கள். கேனான் ஆர்எஃப் 15-35 எஃப்/2.8 சுமார் 840 கிராம், அவர்களுடைய 14-35 எஃப்/4 540 கிராம். நிக்கான் இசட் 14-30 எஃப்/4 485 கிராம். சோனியில் 2017-இல் வந்த 16-35 எஃப்/2.8 ஜிஎம் 680 கிராம். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு 547 கிராமுக்கு இறங்கிவிட்டது. பவர் ஜூம் வைத்த 16-35 எஃப்/4 வெறும் 353 கிராம். விடிகாலை முகூர்த்தத்தில் ஆரம்பித்துப் பந்தி முடிகிற வரை கழுத்தில் தொங்கப் போவது அது. 300 கிராம் என்பது சாயங்காலம் தோள்பட்டை சொல்கிற சேதி.

என்னிடம் இருப்பது சோனி பாடிக்கு டாம்ரான் 17-28 எஃப்/2.8, 420 கிராம். கூடவே சோனி 20 மி.மீ எஃப்/1.8, 373 கிராம். இரண்டுக்கும் ஃபில்டர் அளவு 67 மி.மீ. என் 28-75-க்கும் அதே 67. ஒரே போலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர்) மூன்றுக்கும் போடலாம் என்பதற்காகவே இந்தச் சேர்க்கையைப் பிடித்தேன் என்றால் சிரிப்பீர்கள். நல்ல ஃபில்டர் என்ன விலை என்று விசாரித்துவிட்டுச் சிரியுங்கள். முன்கண்ணாடி உருண்டையாக வெளியே பிதுங்கி நிற்கிற லென்ஸ்களில் ஃபில்டரைத் திருகவே முடியாது, அதையும் வாங்கும் முன்பே பாருங்கள்.

மிரர்லெஸ் வந்த பிறகு வைடு லென்ஸ் சின்னதானதற்குக் காரணம் உண்டு. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் உள்ளே இருக்கிற மிரர் மேலே கீழே போய்வர இடம் விட வேண்டும். கேனான் இஎஃப் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டுகிற வளையம்) சென்சாருக்கு 44 மி.மீ, நிக்கான் எஃப் மவுண்டில் 46.5. வெறும் 16 மி.மீ குவியத்தூரம் உள்ள லென்ஸை அவ்வளவு தள்ளி நிறுத்தி வேலை வாங்க முன்னால் பெரிய பெரிய கண்ணாடிகளை அடுக்க வேண்டியிருந்தது. சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ, கேனான் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16. பின்கண்ணாடியை சென்சாருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம். இன்னொரு காரணம், கோடு வளைவதைத் திருத்துகிற வேலையை இப்போது பாதி கேமராவின் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது. கேனான் ஆர்எஃப் 16 மி.மீ எஃப்/2.8 வெறும் 165 கிராம் இருப்பது அப்படித்தான்; திருத்தாத ரா படத்தில் (கேமரா அப்படியே பதிவுசெய்கிற மூலக் கோப்பு) கோடுகள் பீப்பாய் மாதிரி வளைந்திருக்கும். திருத்தும்போது மூலைகளை இழுத்துப் பரப்புவதால் அங்கே கூர்மை குறையும். கோயில் தூண் எடுப்பவர் யோசிக்கலாம், வீடியோவுக்கும் பயணத்துக்கும் வாங்குகிறவருக்குக் கவலை வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பில்லை. ஆனால் என் முதல் வைடு லென்ஸில் ஏமாந்தேன். கடை பெயரும் லென்ஸ் பெயரும் வேண்டாம். பளபளவென்று இருந்தது, பெட்டி இருந்தது, பில்லும் இருந்தது. இரண்டாவது கல்யாணத்தில்தான் பார்க்கிறேன், எல்லாப் படத்திலும் வலது ஓரத்தில் நிற்பவர் மட்டும் மங்கல். யாரோ கீழே போட்டதில் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருந்தது. வைடு லென்ஸில் இது சட்டென்று தெரியும். ஆனால் கடை வாசலில் நின்று நடுவில் ஒரு முகத்தை எடுத்துப் பார்த்தால் தெரியாது. இப்போது நான் செய்வது இது: ஹாலோ பிளாக் சுவருக்கு நேர் எதிரே, சுவருக்கு இணையாகக் கேமராவைப் பிடித்து, லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப்/8-இல் ஒரு படம். நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். திறந்த நிலையில் நாலும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது லென்ஸின் சுபாவம். மூன்று நன்றாயிருந்து ஒன்று மட்டும் மோசமென்றால், முதலில் நீங்கள் நின்றது கோணலா என்று மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே மூலை என்றால் லென்ஸைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்துப் பாருங்கள். தூசி ஒன்றும் செய்யாது. சிலந்தி வலை மாதிரி நூல் ஓடியிருந்தால் பூஞ்சை, தொடாதீர்கள்.

கிட்டே போவது

24-இல் எடுத்தால் 9 அடி என்று கணக்குச் சொன்னதா? நான் 17-ஐ மாட்டிக்கொண்டு போனேன். அதிகம் கிடைத்தால் நல்லதுதானே என்ற ஆசை. எல்லாம் விழுந்தது. தரை விழுந்தது, ஓட்டுக்கூரை விழுந்தது, பீரோ முழுசாக விழுந்தது. அப்பா எங்கே என்று தேட வேண்டியிருந்தது. படத்தின் கதாநாயகன் தண்ணீர்க் குடம்.

வைடு லென்ஸ் கையில் வந்ததும் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான்: "எல்லாம் அடங்கிவிட்டது" என்று நின்ற இடத்திலேயே நிற்பது. எல்லாம் அடங்கினால் எல்லாம் சின்னதாகிவிடும். அடுத்த தடவை அப்பாவின் முழங்கால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நெய்து முடிந்த வேட்டி என்னிடமிருந்து ஒன்றரை அடி. பாவின் மறுமுனை 6 அடி. நாலு மடங்கு தூரம், அதனால் ஒரே அளவுள்ள பொருள் அங்கே நாலில் ஒன்றாகத் தெரியும். படத்தில் நூல் எல்லாம் என் மடியிலிருந்து கிளம்பிச் சுவரை நோக்கி ஓடுகிற மாதிரி விழுந்தது, நாடா (ஊடுநூலை ஓட்டுகிற கட்டை) பிடித்த கை பெரிதாக முன்னால். இதே காட்சியை இன்னும் நாலரை அடி பின்னால் போய் எடுத்திருந்தால் 6 அடி, 10½ அடி. வித்தியாசம் இரண்டு மடங்குகூட வராது, ஓட்டமும் இருக்காது. இந்த ஓட்டத்தை உண்டாக்குவது நீங்கள் நிற்கிற தூரம். அவ்வளவு கிட்டே போயும் அறை படத்துக்குள் இருக்கிறதே, லென்ஸ் செய்கிற உதவி அதுதான். என் இரண்டு லென்ஸும் 19 செ.மீ வரை கிட்டே ஃபோகஸ் ஆகும். வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். செல்போன் திரையில் விரலை வைத்து இந்த முனையையும் அந்த முனையையும் அளந்தார். "இங்கே 4 முழம், அங்கே ஒரு சாண். இந்த வேட்டியை யார் வாங்குவான்?" என்றார். வாழ்நாள் முழுக்க அகலம் ஒரு இழை பிசகாமல் நெய்தவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அளவும் வடிவமும் முக்கியமான படத்தை வைடில் கிட்டே போய் எடுக்கக் கூடாது. அவருக்காக 24-இல், சுவரோடு ஒட்டி, கேமராவைத் தறிக்கு இணையாக, அவர் நெஞ்சு உயரத்தில் பிடித்து ஒன்று எடுத்தேன். அதைத்தான் பிரேம் போட்டார்.

நெஞ்சு உயரம் என்று சொன்னேன் இல்லையா, அது சும்மா இல்லை. கேமரா மேலே பார்த்தால் தூண்கள் பின்னால் சாயும். கீழே பார்த்தால் கால் பக்கம் குறுகும். கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் கோபுரத்தை அண்ணாந்து எடுத்த என் பழைய படங்களில் கோபுரம் மல்லாந்து விழப் போகிறது. வியூஃபைண்டரில் லெவல் கோடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுக் கோடு மட்டும் போதாது, முன்பின் சாய்வு காட்டுகிற கோடும் பச்சையாக வேண்டும். கோபுர உச்சி வெட்டுப்படுகிறதா? கேமராவைத் தூக்காமல் நெட்டுவாக்கில் பிடியுங்கள், கொஞ்சம் பின்னால் போங்கள், கீழே விழுகிற வெறும் தரையை வீட்டில் வந்து வெட்டிவிடுங்கள். சாய்த்து எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தலாம்தான், ஆனால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். வேண்டுமென்றே சாய்ப்பது வேறு. அதற்குக் கொஞ்சமாகச் சாய்க்காதீர்கள், முழுசாகச் சாயுங்கள். கொஞ்சம் சாய்த்தால் தப்பு மாதிரி இருக்கும்.

முகங்கள்

குரூப் போட்டோவில் ஒரு மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, என் தலையைப் பலாப்பழம் மாதிரி இழுத்து வெச்சிருக்கே?" பார்த்தால் உண்மை. ஓரத்தில் நின்றவர் அவர். மேடைக்கு முன்னால் பந்திக்காரர்கள் மேஜை போட்டுவிட்டதால் 17-இல் எடுத்திருந்தேன்.

இது லென்ஸின் குறை இல்லை. நேர்க்கோட்டை நேர்க்கோடாகக் காட்டுகிற எந்த வைடு லென்ஸும் ஓரத்தில் இருக்கிற உருண்டையை மூலைப் பக்கம் இழுக்கும், விலை எவ்வளவானாலும். 24 மி.மீட்டரில் இடது வலது விளிம்பில் இருக்கிற உருண்டைத் தலை கால் பங்கு அகலமாகும். 16-இல் பாதிப் பங்கு. கம்ப்யூட்டரில் லென்ஸ் புரொஃபைல் (கோடு வளைவதைத் திருத்துகிற அமைப்பு) போட்டாலும் இது போகாது. அதனால் குரூப்புக்கு 35, இடம் இருந்தால் அதைவிடத் தள்ளி 50. வேறு வழியே இல்லையென்றால் 24, இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கிற அளவு காலி விட்டு எடுங்கள். மூலையில் கையும் காலும் வராமல் பாருங்கள். குழந்தையை ஓரத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அம்மாக்கள் மன்னிக்க மாட்டார்கள். மணப்பெண்ணை வைடில் எடுக்கலாம், நடுவில் வைத்து, முகத்துக்கு மூன்று நாலு அடியாவது விட்டு. அதைவிடக் கிட்டே போனால் மூக்குதான் முதலில் வரும்.

கெட்டிமேளம் கொட்டும்போது மட்டும் நான் 20-ஐ விரும்பி எடுப்பேன். ஸ்டூல் மேல் ஏறி, அட்சதை தூவுகிற கைகள் என் லென்ஸுக்கு ஓரடியில் வருகிற மாதிரி. கைகள் இழுபட்டால் பரவாயில்லை, அந்த நேரத்தில் எல்லாருடைய கையும் நீளம்தான்.

வீடியோ எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சோனி ஏ7 III, 4கே 30-இல் (விநாடிக்கு 30 ஃபிரேம்) படத்தின் ஓரத்தை 1.2 மடங்கு வெட்டும். ஏ7 IV 4கே 60-இல் ஒன்றரை மடங்கு. 17 மி.மீ லென்ஸ் அப்போது 25 ஆகிவிடும். உங்கள் பாடி எந்த மோடில் எவ்வளவு வெட்டுகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு லென்ஸ் கணக்குப் போடுங்கள். நடந்துகொண்டே எடுத்தால் ஸ்டெபிலைசர் வைடில் மூலைகளை ஜெல்லி மாதிரி ஆட்டும். கிம்பலில் (ஆட்டத்தைத் தடுக்கிற கைப்பிடி) வைத்தால் நான் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுவேன்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால்

20 கொண்டை ஊசி வளைவு ஏறி லேடீஸ் சீட்டில் நின்று, கீழே தெரிகிற சேலத்தை 17-இல் எடுத்துப் பாருங்கள். வானம் பாதி, இரும்புக் கம்பி பாதி, நடுவே ஒரு கோடு மாதிரி ஊர். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த காட்சி காணாமல் போயிருக்கும். தூரத்தில் இருப்பது மட்டுமே அழகு என்கிற இடத்தில் 85-ஓ 100-ஓ மாட்டுங்கள். நான் பல வருஷம் வைடைத் தூக்கிக்கொண்டு போய் ஏமாந்துதான் இதைப் படித்தேன். வைடுக்குக் காலடியில் ஏதாவது வேண்டும். பகோடா பாயிண்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிற கற்களுக்குப் பக்கத்தில் மண்டியிட்டால் பின்னால் பள்ளத்தாக்குக்கு ஓர் அர்த்தம் வருகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது காபித் தோட்டம்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து ஒரு வாரம் கழித்துப் போனால் காபிச்செடி முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசம். பூங்கொத்துக்கு அரை அடியில் 17-ஐக் கொண்டுபோனால் பூ முன்னால் பெரிதாக, பின்னால் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக, அதில் ஏறுகிற மிளகுக்கொடி வரை தெரியும். தோட்டம் தனியார் சொத்து. கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள். மூடுபனி நாளில் தூரத்து மலை எடுக்க முயலாதீர்கள், சாம்பல் தாள்தான் கிடைக்கும். ஒரு மரத்துக்கு மூன்றடிக்குள் போங்கள். அது கறுப்பாக நிற்கும், அடுத்த மரம் கொஞ்சம் வெளுத்து, அதற்கடுத்தது இன்னும் வெளுத்து. பனியே அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கொடுத்துவிடும். கேமரா பனியைப் பார்த்துப் பயந்து படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை 0.7 ஏற்றிக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியை நாலு படத்துக்கு ஒரு தடவை பாருங்கள், ஒரு துளி போதும் காலை முழுவதும் கெட.

போலரைசர் ஈர இலையின் பளபளப்பை எடுத்துப் பச்சையைக் கொண்டுவரும், கிள்ளியூர் அருவிப் பாறைக்கும் அப்படியே. ஆனால் வைடில் நீல வானத்தோடு போடாதீர்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கிற வானம் மட்டும்தான் நன்றாக இருளும். 24-க்கு மேல் வைடானால் அந்த இருட்டுத் திட்டும் வெளிறின பகுதியும் ஒரே படத்தில் விழுந்து, வானத்தில் மை கொட்டின மாதிரி இருக்கும்.

ஃபோகஸைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 17 மி.மீ, எஃப்/8, 4 அடியில் ஃபோகஸ் என்றால் 2 அடியிலிருந்து அடிவானம் வரை ஏறக்குறையத் தெளிவு. 20 என்றால் ஐந்தரை அடியில் ஃபோகஸ். பெரிய பிரிண்ட் போடுவதானால் எஃப்/11. மிரர்லெஸ் லென்ஸ்களில் பெரும்பாலும் தூரக் கோடு அச்சிட்டிருக்காது, அதனால் அந்தத் தூரத்தில் இருக்கிற கல்லிலோ வேரிலோ ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிக்கொள்வேன். எஃப்/16-க்கு மேல் மூடினால் படம் மறுபடி மங்கும். ஒன்றுக்கு மட்டும் எஃப்/16 போகலாம்: வளைவில் மரக்கிளை இடையே சூரியன் எட்டிப்பார்க்கும்போது கதிர் விரிய. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) தகடுகள் இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. அதே நேரத்தில் கண்ணாடியில் இருக்கிற ஒவ்வொரு தூசியும் பொட்டு வைத்துக்கொண்டு வரும், முதலில் துடையுங்கள்.

நட்சத்திரத்துக்கு ஏற்காடு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மே மாதம் போகிறார்கள். மேயில் பால்வீதியின் மையம் நடுநிசி தாண்டித் தெற்கே உச்சிக்கு வரும். தெற்கே என்ன இருக்கிறது? சேலம். ஊர் வெளிச்சம் முழுக்க அந்தப் பக்கம்தான், மேகம் வேறு. பிப்ரவரிக் கடைசி, மார்ச்சில் அமாவாசையை ஒட்டி விடிகாலை நாலு மணிக்குப் போங்கள். மையம் தென்கிழக்கில், வாழப்பாடிப் பக்கத்து இருட்டில் இருக்கும், வானமும் சுத்தம். 20 மி.மீ, எஃப்/1.8, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி. 500-ஐ மி.மீட்டரால் வகுத்தால் விநாடி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அப்படிப் பார்த்தால் 25 வரும். இன்றைய சென்சாரில் 25 விநாடிக்கு நட்சத்திரம் கோடாகிவிடுகிறது. தனியாகப் போகாதீர்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு.

வீட்டில் வைப்பது

பூஞ்சைக்கு மலை ஈரம் ரொம்பப் பிடிக்கும். டிரை கேபினட் (ஈரம் அண்டாத அலமாரி) வாங்குகிற வரை நான் இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்திருந்தேன். நீல மணி ரோஸ் நிறமானால் மாற்ற வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கின அன்றே தோல் உறையிலிருந்து லென்ஸை வெளியே எடுத்துவிடுங்கள். மண்டபத்து ஏசி ரூமில் வைத்த கேமராவை நேராக மேடைக்குக் கொண்டுபோனாலும் கண்ணாடியில் ஆவி படியும், வைடில் முன்கண்ணாடி அகலம் என்பதால் துடைத்துத் துடைத்து மாளாது. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுவோம்.

துடைக்க மைக்ரோஃபைபர் துணிதான், முதலில் பிளோயரால் தூசியை ஊதிவிட்டு. அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. வெண்பட்டை விட மெதுவான துணி உலகத்தில் உண்டா என்று கேட்டு, தறியிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கொடுத்திருக்கிறார். அதைக் கொண்டு நான் கண்ணாடியைத் துடைத்ததில்லை. 20 மி.மீட்டரை அதில் சுற்றித்தான் பையில் வைக்கிறேன். எங்கே துடைக்கிறாய் காட்டு என்று கேட்டால் எடுத்துக் காட்ட வசதியாக இருக்கிறது.